பாயசம் எந்தப் பக்கம் போனது

கடலூர் முதுநகரில் கல்யாணச் சமையல் என்றால் வைத்திலிங்கம். கை சுத்தம், ருசி சுத்தம். மனுஷனிடம் குறை என்று சொன்னால் ஒன்றுதான், யாரையும் நம்பமாட்டார். பருப்பு மூட்டை வந்து இறங்கினால் மேலே இருக்கிற பருப்பைப் பார்க்கமாட்டார், அடியில் கைவிட்டு அள்ளுவார். அடுப்பு நன்றாக எரிந்தால்கூட எதற்கு இப்படி எரிகிறது என்று குனிந்து பார்ப்பார். சமையல் கொட்டகைக்கு ஒரு பூட்டு, அதற்கு மேல் இன்னொரு பூட்டு, இரண்டு சாவியும் அவர் அரைஞாணில் தொங்கும். வீட்டுக்காரி அமிர்தம் ஒரு நாள் சும்மா இருக்கமுடியாமல், "தூங்கும்போது அந்தச் சாவிய எவனாவது அறுத்துக்கிட்டுப் போயிடுவான்னு இன்னும் உங்களுக்குத் தோணலியா?" என்று கேட்டுவைத்தாள். அன்றிலிருந்து அவர் குப்புறப் படுக்க ஆரம்பித்தார்.

பிறக்கும்போதே அப்படி இல்லை. இரண்டாயிரத்து நாலில் கடல் ஊருக்குள் வந்தபோது, பள்ளிக்கூடத்தில் வந்து ஒண்டிய சனங்களுக்கு ஆக்கிப்போட்டவர்களில் வைத்திலிங்கமும் ஒருத்தர். கூலி கேட்கவில்லை, தன் வீட்டு அண்டா குண்டாவைத்தான் தூக்கிக்கொண்டு போனார். ஒரு நாள் பருப்பு வந்து சேரவில்லை, சாம்பார் தண்ணியாகப் போய்விட்டது. வரிசையில் நின்ற எவனோ, "பருப்பு சமையக்காரன் ஊட்டுக்குப் போயிருக்கும்" என்றான். விளையாட்டுக்குச் சொன்னானோ என்னவோ. சாயந்திரம் நாலு பேர் அவர் வீட்டுக்கு வந்து அடுக்களையைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. "தப்பா நெனச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அமிர்தம் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

அதோடு அவரிடம் இரண்டு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒன்று, எவனையும் நம்புவதில்லை. இன்னொன்று, அவர் கையை விட்டுப் போகிற அண்டா எதுவாக இருந்தாலும் வாய் விளிம்பு வரைக்கும் நிறைந்திருக்க வேண்டும். ஒரு விரல் காலியாக இருந்தாலும் விடமாட்டார். இன்னும் ஒரு கரண்டி ஊத்து என்பார். "நெறஞ்சிருந்தா எவன் கேப்பான்? கொறஞ்சிருந்தாதான எங்க போச்சுன்னு கேப்பான்?" நிறைந்த அண்டா மங்கலம் என்று கல்யாண வீட்டாருக்கும் அது பிடித்துப்போனது. வைத்திலிங்கம் சமையல் என்றால் அண்டா தளும்பி நிற்கும் என்று பேர் ஆகிவிட்டது.

அந்தப் பேர் சிதம்பரம் வரைக்கும் போனது. அங்கே சில மண்டபங்களில் சமைக்க இடம் கிடையாது. அதனால் முதுநகரிலேயே ஆக்கி, குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. முதலில் வைத்த டிரைவர் ஒரு தடவை ரசத்தைச் சிந்திவிட்டான். வைத்திலிங்கம் அவனைத் தெருவில் நிறுத்தி, அவன் அப்பா தாத்தா வரைக்கும் இழுத்து, அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பினார். அந்த இடத்துக்கு வந்தவன்தான் செம்பியன். அமிர்தத்தின் கூடப்பிறந்த தம்பி, திட்டக்குடிக்காரன். வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வான், அதிகம் பேசமாட்டான்.

"மச்சான், இது நல்லாக் கேட்டுக்க" என்று முதல் நாளே சட்டம் போட்டார் வைத்திலிங்கம். "வேகம் காட்டுற முள்ளு நாப்பதுலதான் நிக்கணும். நாப்பதுக்கு மேல போனா சிந்தும். கீழ போனா ஆறிப்போவும். இன்னாத்துக்காகவும் முள்ளு ஆடக் கூடாது."

"சரி மாமா" என்றான் செம்பியன்.

நாலு வருஷம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்போதெல்லாம் சாம்பாரும் பொரியலும் போகும், சாம்பார் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இனிப்பு அங்கேயே ஜாங்கிரியாக வாங்கிக்கொள்வார்கள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் எல்லாருக்கும் சேமியா பாயசம்தான் வேண்டும் என்று ஒரு மோகம் வந்தது. பாயசம் போக ஆரம்பித்த பிறகு சிதம்பரத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. "அண்ணே, சமையல் பிரமாதம். பாயசம் மட்டும் கடைசிப் பந்திக்கு எட்டல." முதல் தடவை, சனம் ஜாஸ்தி வந்திருக்கும் என்று விட்டார். அடுத்த தடவையும் அப்படியே சொன்னபோது அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். தன் கண்ணெதிரே விளிம்பு தொட ஊற்றி, தட்டு மூடி, வேட்டித் துணியால் வாயைக் கட்டி ஏற்றிய அண்டா. அங்கே போய் இறங்கும்போது ஒரு வாளி குறைகிறது.

வண்டி திரும்பி வந்ததும் போய்ப் பார்த்தார். பின்னால் தளம் பளபளவென்று இருந்தது. ஒரு பருக்கை கிடையாது, ஒரு ஈ கிடையாது. காலையில் போகும்போது இருந்த அழுக்குகூட இல்லை.

அதுதான் அவரைக் கொன்றது. அழுக்கு வண்டியாக வந்திருந்தால் நம்பியிருப்பார். எவனாவது கூலிக்கு வண்டி ஓட்டுகிறவன் காரணம் இல்லாமல் தளத்தைக் கழுவுவானா?

"வண்டி என்னா மச்சான், கல்யாணப் பொண்ணு மாதிரி மின்னுது?"

"சும்மாதான் மாமா. கழுவுனேன்."

"எங்க?"

"வர்ற வழியில" என்று சொல்லிவிட்டுச் செம்பியன் குழாயடிக்குப் போய்விட்டான்.

வைத்திலிங்கத்துக்குத் தூக்கம் போய்விட்டது. அமிர்தம் கவனித்துவிட்டாள். அவள் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "எந்தம்பியப் பத்தி உங்க மனசுல என்னா ஓடுதுன்னு எனக்குத் தெரியும். மனசுல ஓடுறத ஓடட்டும். வாயத் தொறந்து திருடன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா, நான் திட்டக்குடிக்குப் பஸ் ஏறிடுவேன். அன்னைக்கு நாலு பேரு வந்து என் அடுக்களையத் தொறந்தப்ப நான் நின்ன நெலமையில அவனும் நிக்கணுமா?"

மறுநாளே அவர் சேத்தியாத்தோப்பில் ஒரு டிரைவரைப் பார்த்து, ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம் முடிந்ததும் வா என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் கடைசி முகூர்த்தம் சிதம்பரத்தில் பெரிய கல்யாணம். அதற்குள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் திருடன் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை, அமிர்தமே சொல்லிவிடுவாள். பிடிக்க முடியாவிட்டால்? தம்பியை அனுப்பினால் வீட்டுக்காரியும் போய்விடுவாள். வைத்துக்கொண்டால் பாயசமும் போகும், இத்தனை வருஷம் காப்பாற்றிய பேரும் போகும்.

கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண் கடை வைத்திருந்தாள். செல்போன், ரீசார்ஜ், லாரிக்காரர்களுக்கு ஜிபிஎஸ் பொட்டி. இயற்பியல் பட்டத்தைத் தபாலில் படித்து முடித்தவள். கடைக்கு வருகிறவனை உட்காரவைத்து, ஒரு பேச்சுக்கு இரண்டு பேச்சாகத் திருப்பிக் கொடுப்பாள். வைத்திலிங்கம் சுற்றிலும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"ஏம்மா, வண்டி எங்க நிக்குது, எங்க போவுதுன்னு காட்டுற பொட்டி இருக்காமே. டிரைவருக்குத் தெரியாம மாட்டணும்."

"டிரைவர் யாருண்ணே?"

"அது எதுக்கு உனக்கு?"

"சொந்தக்காரன்னு புரியுது" என்று சொல்லிப் பொட்டியை எடுத்தாள்.

செம்பியன் ஊருக்குப் போயிருந்த ஒரு நாளில் வண்டியின் முன்பக்கத் தகட்டுக்கு உள்ளே பொட்டி ஏறியது. நாலைந்து சிதம்பரப் பயணம் முடிந்ததும் வைத்திலிங்கம் கடைக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். திரையில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எறும்பு ஊர்வது மாதிரி புள்ளிகள். ஐந்து வினாடிக்கு ஒரு புள்ளி.

"இதோ, இங்க பாரு!" என்று அவர் முதலில் பாய்ந்தது கொட்டகை வாசலைக் காட்டி. "வண்டி மத்தியானம் பூரா இங்கதான் நின்னுது. வண்டிச் சாவி என் இடுப்புல. ஆனா புள்ளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மேயுதே! எவன் எடுத்தான்?"

"யாரும் எடுக்கலண்ணே. வானத்துல இருக்குற சேட்டிலைட்ட வச்சு இது இடத்தச் சொல்லுது. ரெண்டு மீட்டர் மூணு மீட்டர் முன்னப் பின்ன இருக்கும். நிக்கிற வண்டியும் மேயுற மாதிரிதான் தெரியும்."

"அப்ப இது பொய் சொல்லும்."

"கொஞ்சமா பொய் சொல்லும். எவ்வளவுன்னு தெரிஞ்சிக்கிட்டா ஏமாற மாட்டோம்."

போகிற வழியில் வண்டி எங்கேயுமே நிற்கவில்லை. வைத்திலிங்கம் மூக்கைத் திரையில் வைத்துத் தேடினார். ஒரு இடத்திலும் இல்லை. திரும்பி வரும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் வெள்ளாற்றுக் கரையில் ஒரே இடத்தில் புள்ளிகள் குவிந்து கிடந்தன.

"அங்கதான் விக்கிறான்!"

"வரும்போது அண்டா காலிதானேண்ணே? காலி அண்டாவுலேர்ந்து என்னாத்த விப்பாரு?"

அவர் யோசித்தார். விடுவதாக இல்லை. "அப்ப போவும்போதே குடுத்துடுறான். வண்டிய நிறுத்தாம. கூடவே ஒருத்தன் மோட்டார் சைக்கிள்ல வருவான், கொஞ்சம் மெதுவா உருட்டுனா பின்னாலேர்ந்து எட்டி மொண்டுக்கலாம்."

தமிழ்ச்செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சர்க்கஸ்ல இருக்க வேண்டிய ஆளு. சரி, வண்டி எங்கயாவது மெதுவா போச்சான்னு பாத்துடலாம்" என்றாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேலேயிருந்து கீழே ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் போட்டாள். "கீழ போறது தெக்க. இந்தப் பக்கம் மேக்க. ஒவ்வொரு புள்ளிக்கும் ரெண்டு அளவு. தெக்க எவ்வளவு தூரம், மேக்க எவ்வளவு தூரம். இடம்னா அவ்வளவுதான். இந்தப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவுல தெக்க எவ்வளவு கூடுச்சு, மேக்க எவ்வளவு கூடுச்சு, அத வினாடியால வகுத்தா வேகம். அதுக்கும் ரெண்டு பங்கு இருக்கு, தெக்க ஒண்ணு மேக்க ஒண்ணு."

ஆலப்பாக்கம் தாண்டி நேர்ரோட்டில் வண்டி வினாடிக்குப் பதினோரு மீட்டர் தெற்கே போயிருந்தது, மேற்கே ஒன்றுமில்லை. அது மணிக்கு நாற்பது கிலோமீட்டர். அப்புறம் ஒரு பெரிய வளைவு. வளைவின் நடுவில் தெற்கே எட்டு, மேற்கே எட்டு.

"ஆங்! எட்டுக்கு எறங்கிட்டான்! அங்கதான் மெதுவா உருட்டியிருக்கான்!"

"அவசரப்படாதீங்க. தெக்க எட்டு, மேக்க எட்டு, ரெண்டும் ஒரே நேரத்துல. அப்ப வண்டி கோணத்துல போவுது. ஒரு சதுரத்துல பக்கம் எட்டுன்னா மூலைக்கு மூலை எவ்வளவு?"

வைத்திலிங்கம் பந்தல் போட மூலைமட்டம் பிடித்துப் பார்த்தவர். மனசுக்குள் கயிற்றை இழுத்துப் பார்த்தார். "பதினொண்ணு இருக்கும். பதினொண்ணேகால்."

"அதே வேகம். வளைவு முடிஞ்சதும் தெக்க ஒண்ணுமில்ல, மேக்க பதினொண்ணு. அப்பவும் அதே வேகம். முள்ளு ஆடவே இல்லண்ணே. உங்க டிரைவர் கல்லு மாதிரி ஓட்டியிருக்காரு."

வைத்திலிங்கத்துக்குச் சப்பென்று போனது. "அப்ப வழியில ஒண்ணுமே நடக்கல."

"யாரு சொன்னா? வேகத்தோட அளவு மாறல. திசை மாறுச்சே! மொதல்ல மேக்க சைபர், அஞ்சு வினாடியில எட்டு. தெக்க பதினொண்ணு, அதே அஞ்சு வினாடியில எட்டாச்சு. ஒவ்வொரு வினாடிக்கும் மேக்க ஒண்ணரைக்கு மேல கூடியிருக்கு, தெக்க அரைக்கு மேல கொறஞ்சிருக்கு. வேகம் மாறுற வேகம். இதத்தான் முடுக்கம்னு சொல்லுவாங்க. ரெண்டையும் சேத்தா அது வளைவோட உள்பக்கமாக் காட்டும். வண்டி உள்பக்கம் இழுபடுது, உள்ள இருக்குற பாயசம் வெளிப்பக்கம் ஏறுது."

அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் ஏறவில்லை. எதிர்க்கடையிலிருந்து வந்த டீ மேசைமேல் இருந்தது. கிளாசை ஒரு அட்டைமேல் வைத்து, மேசையோடு நேராகத் தள்ளிக்கொண்டு போய், வேகத்தைக் குறைக்காமல் அப்படியே வலது கைப்பக்கம் திருப்பினாள். டீ இடது பக்க விளிம்பைத் தாண்டி அட்டையில் வழிந்தது.

"டீய எவன் இப்படி விளிம்பு தொட ஊத்துவான்?" என்று வைத்திலிங்கம் கத்தினார். "ஒரு விரல் கொறச்சு ஊத்தியிருந்தா சிந்தாதுல்ல?"

தமிழ்ச்செல்வி அவரையே பார்த்தாள். அவர் டீயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பொட்டி மூணு மீட்டர் பொய் சொல்லும்னியே" என்றார். "அந்தப் பொய்ய வச்சுக்கிட்டு எப்படி இவ்வளவு சுத்தமாச் சொல்ற?"

அந்தக் கேள்வியில் அவளுக்கு மரியாதை வந்துவிட்டது. "சரியான எடத்துல புடிச்சீங்க. இடத்துல சின்னப் பொய்யி, கழிச்சு வேகம் பாத்தா கொஞ்சம் பெரிசாவும், மறுபடி கழிச்சு முடுக்கம் பாத்தா இன்னும் பெரிசாவும். அதான் ஒரு பயணத்த நம்பல. அஞ்சு பயணத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பாத்தேன். எல்லாம் அதே வளைவுல அதே கதையத்தான் சொல்லுது. பூமி கீழ இழுக்குறது பத்துன்னா, இங்க பக்கவாட்டுல ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி. உங்க அண்டாவுல நடுவுலேர்ந்து விளிம்புக்கு எவ்வளவு?"

"ஒரு சாணுக்கு மேல."

"அப்ப வெளிப்பக்கம் ரெண்டரை விரல் ஏறும். ரோடு குலுங்குறதயும் சேத்தா மூணு விரல். விளிம்பு தொட இருந்தா அவ்வளவும் வெளியதான். நம்பலன்னா ஒரு தடவ பின்னால ஏறிப் போய்ப் பாருங்க. இடது பக்கம் மட்டும் உக்காராதீங்க."

வைத்திலிங்கம் படியிறங்கும்போதே யோசித்தார். இவள் ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு அவனைக் காப்பாற்றுகிறாள்? எந்த டிரைவர் என்று எடுத்த எடுப்பில் கேட்டாளே! பாயசத்தில் இவளுக்கும் ஒரு தூக்கு வருகிறதோ? அதுவும் இடது பக்கம் உட்காராதே என்கிறாள். இடது பக்கம் உட்கார்ந்தால் எதையோ பார்த்துவிடுவேன் என்றுதானே?

ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம் வந்தது. சிதம்பரம் கல்யாணத்துக்கு அண்டாக்களை விளிம்பு தொட நிரப்பி ஏற்றினார். அமிர்தம் முன்னால் தம்பி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வைத்திலிங்கம் துவைத்து மடித்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார்.

"மாமா, பின்னால எதுக்கு? முன்னால நெருங்கி உக்காந்துக்கலாம்."

"நீ முள்ளப் பாத்து ஓட்டு."

"மாமா, அந்தப் பக்கம் வேணாம், வலது பக்கமா..."

அவன் வாயிலிருந்தும் அதே வார்த்தை! வைத்திலிங்கத்துக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. இரண்டு பேரும் பேசிவைத்திருக்கிறார்கள். பாயச அண்டாவுக்கு இடது பக்கம் போய், அதில் முதுகைச் சாய்க்காமல், முழங்காலால் அணைத்தமாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வண்டி ஓடியது. மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் தாண்டிப் போகும்போது அவர் ஓட்டுகிறவன் கையைப் பார்த்தார், பாத்திரம் இருக்கிறதா என்று. ஆலப்பாக்கம் போனது. அண்டாவின் வாய்த்துணி லேசாக ஈரமாகியிருந்தது, அவ்வளவுதான். பார்த்தாயா, சிந்தவில்லை, அந்தப் பெண் புளுகியிருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது வளைவு வந்தது.

வண்டி கொஞ்சம்கூட மட்டுப்படவில்லை. எஞ்சின் சத்தம் அதே சத்தம். தளம் அப்படியே வலது பக்கம் திரும்பியது. வைத்திலிங்கம் இடது பக்கப் பலகையில் போய் ஒட்டினார். மூடித்தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. துணிக்கு அடியிலிருந்து சேமியா, பால், முந்திரி, திராட்சை எல்லாமாக அவர் மடியில் இறங்கியது. அடங்கிய சூடுதான், ஆனாலும் சூடு. அவர் போட்ட கூச்சலில் வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வண்டி ஓரம் கட்டியது. செம்பியன் ஓடிவந்து பார்த்தான். அமிர்தம் பின்னாலேயே வந்தாள். வைத்திலிங்கம் மடி நிறையப் பாயசத்தோடு எழுந்திருக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் ஒரு திராட்சை.

"தெனமும் இப்படியாடா?"

"ஒவ்வொரு தடவையும் இதே வளைவுலதான் மாமா. அடுத்த வளைவுல அவ்வளவா வராது, ஏற்கெனவே கொறஞ்சிடுதுல்ல."

"அப்ப சொல்ல வேண்டியதுதான?"

"ரசம் சிந்துனவனத் தெருவுல நிறுத்தி நீங்க பேசுனத ஊரே கேட்டுச்சு. நான் எப்படிச் சொல்லுவேன்? அதான் தளத்தையும் படுதாவையும் வெள்ளாத்துல அலசி எடுத்தாந்தேன்."

"வளைவுல கொஞ்சம் மட்டுப்படுத்தினா என்னா? அறிவு வேணாம்?"

செம்பியன் அக்காவைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "முள்ளு ஆடக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான் மாமா. மொதல்ல நானா வளைவுல லேசா வேகத்தக் கொறச்சுத்தான் ஓட்டுனேன். நீங்க முன்னால தகட்டுக்குள்ள ஒரு பொட்டி வச்சீங்க பாருங்க, வண்டி கழுவுறப்ப அது கண்ணுல பட்டுச்சு. அதுக்கப்புறம் எங்க ஆடுனாலும் உங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னு நாப்பதுலயே கெட்டியாப் புடிச்சிட்டேன். அப்பலேர்ந்துதான் இன்னும் ஜாஸ்தியா சிந்துது."

"பொட்டியா?" என்றாள் அமிர்தம்.

வைத்திலிங்கம் வேட்டியை உதறினார். சேமியா ரோட்டில் விழுந்தது.

"எந்தப் பொட்டி? எந்தம்பி வண்டியில எந்தப் பொட்டிய வச்சீங்க?"

"வண்டி எங்க நிக்குதுன்னு..."

"அன்னைக்கு அவுங்க நாலு பேரும் வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் அடுக்களையத் தொறந்தாங்க. நீங்க கேக்கக்கூட இல்ல." அவள் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். விருத்தாசலம் வழியாகத் திட்டக்குடிக்குப் போகிற பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று பார்க்கிறாளோ என்று அவருக்குப் பயம் வந்தது.

"வாயத் தொறந்து நான் ஒண்ணும் சொல்லலியே அமிர்தம்" என்றார். தன் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது.

செம்பியன்தான் குறுக்கே வந்தான். "அக்கா, மணி ஆவுது. பந்தி போட்டுடுவாங்க. ஊட்டுக்குப் போய்ச் சண்டை போடு." அவள் ஏறினாள். புருஷன் முகத்தைப் பார்க்காமல்தான் ஏறினாள்.

மண்டபத்தில் இறக்கும்போது பெண்ணின் அத்தை தில்லையம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். பழைய மாதிரி ஆள், எதையும் திறந்து பார்த்துத்தான் வாங்குவாள். பாயச அண்டாவின் துணியை அவிழ்த்துப் பார்த்தாள்.

"என்னாங்க இது, தளும்பி நிக்கும்னு சொன்னாங்க? ஒரு வாளி கொறையுதே! வழியில யாராவது கைய வச்சிட்டாங்களா?" என்று நேராகச் செம்பியனைப் பார்த்துக் கேட்டாள். சுற்றி நின்ற நாலைந்து பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

அமிர்தம் வைத்திலிங்கத்தைப் பார்த்தாள்.

அவர் வண்டிக்குப் பின்னால், வேட்டி தெரியாமல் இருக்க நின்றுகொண்டிருந்தார். அப்படியே நின்றிருக்கலாம். செம்பியன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முதுநகரில் நாலு பேர் வந்த அந்தச் சாயந்திரம் வாசலில் தான் எப்படி நின்றாரோ அதே மாதிரி நின்றான்.

"அவன் இல்லம்மா" என்று வைத்திலிங்கம் முன்னால் வந்தார். "என் வேலதான்."

தில்லையம்மாள் அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் பாயசம், முழங்காலில் ஒட்டிய முந்திரி. "ஐயையோ! பந்திக்கு முன்னாடி நீங்களே உக்காந்து ஒரு வெட்டு வெட்டிட்டீங்களா? அதுவும் எல இல்லாம?"

மண்டபத்து வாசலே சிரித்தது. செம்பியன்கூடச் சிரித்துவிட்டான். வளைவு, தெற்கே எட்டு மேற்கே எட்டு என்று வைத்திலிங்கம் சொல்ல ஆரம்பித்தார். யாரும் நம்பவில்லை. தில்லையம்மாள் கடைசி வரைக்கும் அவர் பாயசத்தைத் தின்றுவிட்டார் என்றுதான் நினைத்தாள். அமிர்தம் சிரிக்கவில்லை. ஆனால் எங்கேயோ போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வேட்டி வாங்கிவந்து அவர் தோளில் போட்டுவிட்டு நகர்ந்தாள். அன்றைக்கு அவள் திட்டக்குடிக்குப் போகவில்லை. ஒரு வாரம் பேசவும் இல்லை.

சேத்தியாத்தோப்பு டிரைவருக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. பொட்டியை வைத்திலிங்கமே கழற்றிக்கொண்டுபோய்த் தமிழ்ச்செல்வி மேசைமேல் வைத்தார். "எந்தப் பக்கம் உக்காந்தீங்க?" என்று கேட்டாள். அவர் வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டார்.

இப்போது முள்ளு வளைவில் இருபதுக்கு இறங்கலாம். அண்டாவில் மூன்று விரல் காலி. குறைகிற பாயசம் இறுக்க மூடிபோட்ட ஒரு தூக்கில் தனியாகப் போகிறது. மண்டபத்துக்காரர்கள் பார்ப்பதற்கு முன்னால், வாசலிலேயே அதைத் திறந்து அண்டாவில் ஊற்றி விளிம்பு தொட வைத்துவிடுவார்கள். பேர் கெடவில்லை.

அந்தத் தூக்கைச் செம்பியன் பிடித்துக்கொள்ளட்டும் என்று அமிர்தம் சொல்லிப்பார்த்தாள். வைத்திலிங்கம் கொடுக்கவில்லை. முன்சீட்டில், வலது பக்கமாக நெருங்கி உட்கார்ந்து, சிதம்பரம் வரைக்கும் அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போகிறார். வளைவு வரும்போது மட்டும் மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொள்கிறார்.